ஐம்பது மீட்டர் மரியாதை

நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டு மீதியை நம்புவது எங்கள் படகுத்துறையில் நெடுநாளாக இருந்துவரும் ஏற்பாடு. எனக்கும் அதில் வருத்தமில்லை. தள்ளுபடிக்கு இடம் விட்டு இரண்டு மடங்காகவே சொல்லிவிடுவேன். இந்தக் கதையில் மட்டும் எதையும் தள்ள வேண்டாம். இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. சேர்க்க இடமே இல்லாதபடி மன்றத்தார் முன்னதாகவே எல்லாவற்றையும் சேர்த்து முடித்திருந்தார்கள்.

படகுத்துறையில் டிக்கெட் கொடுக்கும் அறை என்னுடையது. அறை என்றால் ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் குடா முழுவதும் தெரியும். நடுவில் தண்ணீர் கொஞ்சம் கறுத்துத் தெரிகிற இடம் புல்திட்டு. கடலுக்கு அடியில் வயல்போலப் புல் முளைத்துக் கிடக்கும். அதை மேய ஒரு கடற்பசு வரும். இரண்டு ஆள் நீளம், சாம்பல் நிறம், மத்தியானத் தூக்கத்தில் எழுப்பிவிட்ட அதிகாரியின் முகம். பசு என்று பெயர்தானே தவிரக் கொம்பும் கிடையாது, மடியும் கிடையாது. குட்டி பால் குடிப்பது கைத்துடுப்புக்கு அடியில், நமக்கு அக்குள் இருக்கிற இடத்தில். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை மூக்கை மட்டும் மேலே நீட்டி, 'புஸ்' என்று மூச்சு விட்டுவிட்டு மறுபடி மேயப் போய்விடும். அந்த 'புஸ்'ஸைப் பார்க்கத்தான் சனங்கள் என் ஜன்னலில் வரிசை கட்டுவார்கள்.

அந்த வருடம் அதோடு ஒரு குட்டியும் இருந்தது. அதனால் வரிசை இரண்டு மடங்கு.

குடாவில் ஏழு படகுகள் ஓடின. அதில் ஒன்று என் மாப்பிள்ளையுடையது. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த இடம் என்பதற்காகச் சொல்லவில்லை, அவர் தொழில் செய்கிற விதமே தனி. புல்திட்டுக்கு ரொம்ப முன்னாலேயே இன்ஜினை அணைத்து, தண்ணீரிலிருந்து தூக்கி மேலே கட்டிவிடுவார். அப்புறம் நீளமான கழியால் ஊன்றி ஊன்றித் தள்ளிக்கொண்டு போய், நீரோட்டத்தில் படகைச் சும்மா விட்டுவிடுவார். பயணிகளிடம் "பேசாம உக்காருங்க, அது வரும்" என்பார். பாதிப் பேர் தூங்கிப்போவார்கள். மற்ற படகுக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ஆமை. அவர்களில் முதன்மையானவன் டர்போ. இரண்டு இன்ஜின் வைத்திருந்ததால் அந்தப் பெயர். பசு மூக்கை நீட்டுகிற இடத்துக்கு, அது நீட்டுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுவான்.

யாரோ ஒரு பயணி, ஆறு படகுகள் ஒரு மூக்கைச் சுற்றி நிற்பதைப் படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். சட்டம் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. சட்டம் வந்தால் சிரமம் என்பதால், அதற்கு முன்பாகவே நன்னடத்தை வந்து சேர்ந்தது.

'பொறுப்பான கடலுயிர் நோக்கல் சுற்றுலாவுக்கான தன்னார்வ நன்னடத்தை நெறி மன்றம்' என்பது முழுப்பெயர். ஒன்பது உறுப்பினர்கள். ஒன்பது பேருக்கும் படகு ஒத்துக்கொள்ளாது. ஏறினால் வாந்தி வரும். குடாவைப் பார்த்த பெரிய ஹோட்டலின் முதலாளிதான் அமைப்பாளர். நெறி நாற்பத்தாறு பக்கம், வழவழப்பான தாள், அட்டையில் டால்பின் படம். எங்கள் குடாவில் டால்பின் கிடையாதே என்று கேட்டதற்கு, "அது பொதுவான மகிழ்ச்சிக்கு" என்றார்கள்.

முதல் கூட்டம் ஹோட்டல் அரங்கில் நடந்தது. அமைப்பாளர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"நண்பர்களே, இது சட்டம் இல்ல. சட்டம்னா பயம். இது மனசு. யாரையும் நாங்க கட்டாயப்படுத்தப் போறதில்ல. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள எல்லாரும் தானா முன்வந்து கையெழுத்துப் போட்டுடணும். போடாதவங்க இந்தத் துறையில படகு கட்ட முடியாது. அதுவும் அவங்க தானா எடுக்கற முடிவுதான்."

கைதட்டல் ஓய்ந்ததும் டர்போ எழுந்தான். "சார், நெறியை மீறினா என்ன தண்டனை?"

"தண்டனையா? சேச்சே! தண்டனை வெச்சா அது சட்டம் ஆயிடுமே தம்பி."

டர்போ முதல் ஆளாகப் போய்க் கையெழுத்துப் போட்டான். முத்துமுத்தான கையெழுத்து. அவனுக்கு அவ்வளவு அழகாக எழுத வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாப்பிள்ளை கடைசியாகக் கை தூக்கினார். "சார், நான் நாற்பத்தாறு பக்கமும் படிச்சிட்டேன். புல்லுக்கு மேல இன்ஜினை அணைக்கணும்னு எங்கயும் இல்லையே. அந்த ஒரு வரியைச் சேர்த்துட்டா போதும் சார். மத்தது ஒண்ணும் இல்லாட்டியும் பரவாயில்ல. குட்டி இன்னும் சரியா முங்கப் பழகல. இன்ஜின் விசிறி பட்டா போச்சு."

அமைப்பாளர் கண்ணை மூடி ரசித்தார். "அருமையான கருத்து. ஆனா பாருங்க, 'அணைக்கணும்'னு சொன்னா அது கட்டளை மாதிரி இல்ல இருக்கு? எங்க நெறியோட உயிரே தூரம். ஐம்பது மீட்டர். தூரம்தான் மரியாதை. நம்ம பெரியவங்க முன்னால எப்படித் தள்ளி நிக்கிறோம்? அப்படி."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆவணப் பிரிவு மேடம் 'அடுத்த பதிப்பில் பரிசீலனைக்கு' என்று குறித்துக்கொண்டார். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். படகை வேறெங்கே கட்டுவது?

கையெழுத்துப் போட்ட படகுக்கு ஒரு பச்சைக் கொடி கொடுத்தார்கள். ஏழு படகுகளிலும் பச்சைக் கொடி பறந்தது. பொறுப்பான சுற்றுலா என்று கேள்விப்பட்டு, பொறுப்பு உள்ள சனங்கள் தூரத்து ஊர்களிலிருந்தெல்லாம் வர ஆரம்பித்தார்கள். முன்பு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு நடை ஓடின படகுகள், பொறுப்பு வந்தபிறகு முப்பது நடை ஓடின.

உறுதிமொழி ஒன்றும் உண்டு. பசு கண்ணில் பட்டதும் பயணிகள் எழுந்து நின்று, வலது கையை மிதவைச் சட்டைமீது வைத்து, படகுக்காரர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வேண்டும். நிதானமாகச் சொன்னால் நாலு நிமிடம். 'நான் இந்த உயிரினத்தைத் தொந்தரவு செய்ய மாட்டேன்' என்று முப்பது பேர் ஒரே குரலில் கத்தும்போது பசு முங்கிவிடும். டர்போ இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான். உறுதிமொழியைப் பதிவு செய்து, படகு கிளம்பும்போதே ஒலிபெருக்கியில் போட்டுவிட்டான். இன்ஜின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் அல்லவா, ஒலிபெருக்கி பெரியதாக வாங்கினான். மன்றம் அவனுக்கு 'புதுமைச் செயல்பாட்டாளர்' என்று சான்றிதழ் கொடுத்தது. மாப்பிள்ளையைத் தவிர மற்ற ஐந்து பேரும் அதேபோல ஆளுக்கொன்று வாங்கி மாட்டினார்கள்.

ஐம்பது மீட்டர் என்பது கண்ணளவில் எவ்வளவு என்று பழக்குவதற்காக ஒரு மாதிரிப் பசுவை வரவழைத்தார்கள். ரப்பர். அசல் அளவு, அசல் நிறம், அசல் கைத்துடுப்பு, பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில் '1' என்று எண். மன்றப் பதிவேட்டில் அதன் பெயர் 'பயிற்சி உபகரணம் எண் ஒன்று'. துறையில் அதன் பெயர் ரப்பர்காரி. வெயிலில் ஓடும் ஒரு கருவி அவள் வயிற்றுக்குள் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, பிசகாமல், மூக்கைத் தூக்கி 'புஸ்' என்பாள். பக்கத்தில் போனால் செருப்புக் கடை வாசனை. இயற்கைச் சூழலில் பயிற்சி நடக்க வேண்டும் என்று அவளைக் கொண்டுபோய்ப் புல்திட்டின் நடுவிலேயே நங்கூரம் போட்டு நிறுத்தினார்கள். பயிற்சி ஒரே நாளில் முடிந்துவிட்டது. எடுத்துக்கொண்டு வர யாராவது படகில் ஏற வேண்டுமே, அதனால் அங்கேயே இருந்துவிட்டாள். பயணிகளுக்கும் அவளைத்தான் பிடித்திருந்தது. நேரம் தவறுவதில்லை.

இத்தனைக்கும் மேலே ஒரு புத்தகம். 'சுய அறிவிப்புப் பதிவேடு'. அதை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு நடை முடிந்ததும் படகுக்காரர் வந்து நேரம், கண்ட உயிரினம், தூரம், உயிரினத்தின் மனநிலை ஆகியவற்றை எழுத வேண்டும். மனநிலைக்கு இரண்டு கட்டங்கள்: 'நன்று', 'மிக நன்று'. அந்தப் புத்தகத்தைக் காக்கும் வேலை எனக்கு. ஊருக்கெல்லாம் கதை அளக்கிறவன் நான். ஆனாலும் மன்றம் என்னை நம்பிக் கொடுத்ததில் ஒரு பெருமை. என் கையால் ஒரு எழுத்துப் பொய்யாக ஏறக் கூடாது என்று இருந்தேன்.

எழுதுகிறவர்கள் கைக்கு நான் பொறுப்பு இல்லை. எல்லோரும் 'ஐம்பது' என்று எழுதினார்கள். டர்போ திங்கட்கிழமை காலையிலேயே வந்து அந்த வாரம் முழுவதற்கும் எழுதிவிட்டுப் போவான். பசுவே தென்படாத நாளுக்கும் ஐம்பது.

"ஏம்பா, எதுவுமே வராத அன்னைக்கு எதுக்கு ஐம்பது?" என்று கேட்டேன்.

"இல்லாததுக்கும் ஒரு மரியாதை வேணாமா பெரியவரே?" என்றான்.

மாப்பிள்ளை நாற்பது, எழுபது, நூற்றுப்பத்து, 'தெரியவில்லை' என்று எழுதினார். மேடம் மாதா மாதம் சராசரி எடுக்கும்போது இவர் எழுதியது இடைஞ்சலாக இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் படகு வழக்கம்போல நீரோட்டத்தில் சும்மா மிதந்துகொண்டிருந்தது. தாய்ப்பசு நேராகப் படகின் விலாப்பக்கத்திலேயே வந்து மூக்கை நீட்டி 'புஸ்' என்றது. முன் வரிசையில் இருந்தவர்களின் மூக்குக் கண்ணாடியெல்லாம் நனைந்துபோயிற்று. குட்டி படகுக்கு அடியில் போய் நின்றுகொண்டது, வெயிலுக்கு இதமாக இருந்ததோ என்னவோ. மாப்பிள்ளை இன்ஜின் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை. குட்டியாகவே வெளியே போகிறவரை நாற்பது நிமிடம், முப்பது பயணிகளும் அவரும் மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

திரும்பி வந்து புத்தகத்தில் எழுதினார். 'தூரம்: இரண்டு கை நீளம். பசுவாகவே வந்தது. குட்டி படகுக்கு அடியில் நின்றதால் நகரவில்லை. மனநிலை: தெரியாது, கேட்கவில்லை.'

அன்று மாலை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். மகள் துணி மடித்துக்கொண்டே அவரைப் பிடிபிடி என்று பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, ஊரே ஐம்பதுன்னு போடுது. உங்க பேனாவுக்கு மட்டும் அந்த நம்பர் வராதா?"

"இல்லாததை எப்படிப் போடுறது?"

"இருக்கறதைப் போட்டு என்ன கிடைக்கப் போகுது? அப்பா, நீங்களாவது சொல்லுங்களேன். வாயைத் திறந்தா கப்பல் கப்பலா பொய் சொல்றீங்க, இவருக்கு ஒரு சின்னப் பொய் சொல்லிக்கொடுக்கக் கூடாதா?"

"புத்தகத்துல பொய் எழுதக் கூடாதும்மா" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மடித்த துணி கசங்கியது.

மறுநாள் ஆவணப் பிரிவு மேடம் புத்தகத்தைப் புரட்டினார். அந்தப் பக்கம் வந்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். கோபம் என்று நினைத்தேன். இல்லை, ஆனந்தம்.

"மீறல்! பெரியவரே, முதல் மீறல்! எங்க நெறிக்குப் பல் இல்லைன்னு எத்தனை பேர் பேசினாங்க தெரியுமா? இப்ப பாருங்க, கண்டுபிடிச்சிட்டோம்!"

"நீங்க கண்டுபிடிக்கலையே மேடம், அவரே இல்ல எழுதியிருக்காரு?"

"அதான் எங்க முறையோட வெற்றி" என்றார்.

விசாரணை ஹோட்டல் அரங்கில் நடந்தது. குளிர்சாதனம் ஓடியது. ஒன்பது பேரும் ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம். பதிவேட்டைக் காப்பவன் என்ற முறையில் எனக்கும் ஒரு பிஸ்கட் கொடுத்தார்கள்.

"ஐம்பது மீட்டருக்குள்ள விலங்கு இருந்தா பின்வாங்கணும்னு பதினெட்டாம் பக்கத்துல இருக்கு. ஏன் பின்வாங்கல?" என்று அமைப்பாளர் கேட்டார்.

"பின்வாங்கணும்னா இன்ஜின் போடணும் சார். கீழ குட்டி இருந்துச்சு."

"கழி இருந்துச்சே?"

"ஊன்றினா குட்டி மேல படும் சார்."

"அதாவது, நெறியை விடக் குட்டி முக்கியம்னு நினைச்சிட்டீங்க."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். இது கேள்வியா இல்லையா என்று அவருக்கு விளங்கவில்லை. எனக்கும்தான்.

"சார், நான் அதுகிட்ட போகல. அதுதான் என்கிட்ட வந்துச்சு. மூச்சு விட வந்துச்சு."

"ஏன் மத்த ஆறு படகுகிட்டயும் போகல? ஆறு பேரோட பதிவையும் பாத்துட்டோம். எல்லார்கிட்டயும் சரியா ஐம்பது மீட்டர்ல நின்னிருக்கு. உங்ககிட்ட மட்டும் ஏன் வருது? நீங்க ஏதோ அதுக்கு இடம் கொடுக்கறீங்க."

"இன்ஜினை அணைக்கறேன் சார். அவ்வளவுதான்."

"பாத்தீங்களா!" என்று அமைப்பாளர் மற்ற எட்டுப் பேரிடமும் திரும்பினார். "அணைச்சா வருது. அணைச்சு அணைச்சு அதுக்கு நம்ம மேல இருந்த பயமே போயிடுச்சு."

தீர்ப்பு எழுதினார்கள். தண்டனை என்பது நெறியிலேயே கிடையாது என்பதால், மூன்று வாரம் தொழிலுக்குப் போகாமலிருக்கத் தன்னை அனுமதிக்குமாறு மாப்பிள்ளையே தானாக முன்வந்து விண்ணப்பிப்பது என்று முடிவாயிற்று. விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து தயாராக வைத்திருந்தார்கள். கடைசி வரியில் 'இவ்வாய்ப்புக்கு நன்றி' என்று இருந்தது.

மாப்பிள்ளை பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டார். "மூணு வாரம் என்ன சார், மூணு மாசம்கூட நான் போகாம இருக்கேன். அந்த ஒரு வரியை மட்டும் போட்டுடுங்க. புல்லுக்கு மேல இன்ஜின் வேணாம்னு."

"அடுத்த பதிப்பில் பரிசீலனையில இருக்கு" என்றார் மேடம், முந்தைய குறிப்பைத் தேடி எடுத்துக் காட்டி.

இரண்டாவது வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லாததால் மாப்பிள்ளை என் அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். புல்திட்டின் மேல் ஆறு பச்சைக் கொடிகள். ஆறு ஒலிபெருக்கிகளிலும் உறுதிமொழி. ரப்பர்காரி ஒரு பக்கம் மூக்கைத் தூக்கினாள், அசல்காரி இன்னொரு பக்கம் தூக்கினாள். சனங்கள் "அங்க, அங்க" என்று இரண்டு பக்கமும் கை நீட்டினார்கள். படகுகள் எது அசல் என்று தெரியாமல் குறுக்கும் நெடுக்கும் திரும்பின.

அப்புறம் ஒரு ஒலிபெருக்கி நின்றது. பிறகு இன்னொன்று. கடைசியில் ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் கறுப்பாகத் தெரிகிற இடத்தில் வேறு நிறம் பரவியது.

மாப்பிள்ளை எப்போது எழுந்தார் என்று நான் பார்க்கவில்லை. பார்த்தபோது கழியை ஊன்றிக்கொண்டு பாதி தூரம் போய்விட்டிருந்தார்.

தாய்ப்பசுவைக் கயிற்றில் கட்டி இழுத்துவந்து மணலில் கிடத்தினார். முதுகில் மூன்று வெட்டு. வரிசையாக, ஒரே இடைவெளியில், அளவெடுத்துப் போட்டதுபோல. மேடம் நாடா வைத்து இடைவெளியை அளந்துகொண்டார். குட்டி கரைவரைக்கும் பின்னாலேயே வந்து, தரை தட்டுகிற இடத்தில் நின்று, கொஞ்சநேரம் கழித்துத் திரும்பிப் போயிற்று.

மூன்று நாளில் மன்றத்தின் அறிக்கை வந்தது. அமைப்பாளரே ஒலிபெருக்கியில் படித்தார்.

"சம்பவ நேரத்துல புல்திட்டுல இருந்தது ஆறு படகு. ஆறும் ஐம்பது மீட்டர் தூரத்துல இருந்ததா ஆவணம் இருக்கு. ஆகவே எந்தப் படகும் அந்த விலங்கைத் தொட்டிருக்க முடியாது. இந்தத் துக்கமான நேரத்திலயும் நம்ம நெறி மீறப்படலைங்கறதுல நமக்கு ஒரு ஆறுதல் இருக்கு."

அன்று மாலை டர்போ என் ஜன்னலுக்கு வந்தான். சாதாரணமாக ஜன்னலில் தலையை உள்ளே விட்டுப் பேசுகிறவன், சுவரில் சாய்ந்துகொண்டு கடலைப் பார்த்தபடி பேசினான்.

"பெரியவரே, ஞாயித்துக்கிழமைக்கு நான் ஐம்பதுன்னு போட்டிருந்தேன்."

"ஆமா. திங்கட்கிழமையே போட்டுட்ட."

"அதை நாற்பத்தெட்டுன்னு மாத்தட்டுமா?"

புத்தகத்தைத் திறந்து, பேனாவையும் எடுத்து நீட்டினேன். வாங்கினான். ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தின்மேல் முனையை வைத்தான். எழுதாமலே பேனாவை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். மறுநாள் தன் படகின் ஒலிபெருக்கியைக் கழற்றினான். இரண்டு இன்ஜினும் அப்படியே இருந்தன.

குட்டி குடாவை விட்டுப் போகவில்லை. மூன்று வாரம் முடிந்து முதல்நாள் போய் வந்த மாப்பிள்ளை, டிக்கெட் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"மாமா, அது ரப்பர்காரிகிட்ட நிக்குது."

"என்ன சொல்றீங்க?"

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை அவ 'புஸ்'ங்கறா, இதுவும் கூடவே மூக்கை நீட்டுது. அப்புறம் அவ கைக்குக் கீழ மூக்கை வெச்சு முட்டுது. முட்டிட்டே இருக்கு. என்ன வரும் அங்க? ரப்பர் மாமா." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இது புல்லைக் கடிக்கப் பழகியிருந்துச்சு. நானே பாத்திருக்கேன். ஆனா தலைக்கு மேல இந்தச் சத்தம். கீழ போகப் பயந்துட்டு அவளை விட்டு அசையவே மாட்டேங்குது. வயிறு ஒட்டிப்போச்சு."

நான் நேரில் போய்ப் பார்க்கவில்லை. ஜன்னலிலிருந்தே தெரிந்தது. இரண்டு மூக்கு. ஒன்று பிசகாமல், ஒன்று பிசகிப் பிசகி.

அடுத்த வாரமே ஆண்டு விழா. ஆண்டறிக்கை வெளியானது. இந்தத் தடவை அட்டையில் டால்பின் இல்லை. ஹோட்டலின் ஆறாவது மாடி பால்கனியிலிருந்து யாரோ பெரிய லென்ஸில் எடுத்த படம். சாம்பல் நிற உடம்போடு ஒட்டிக்கொண்டு சின்னதாக இன்னொரு உடம்பு. கீழே எழுதியிருந்தது: 'நெறியின் நிழலில் தாயும் சேயும்.'

விருதுகள் கொடுத்தார்கள். ஆறு படகுக்காரர்களுக்கும் 'சராசரி ஐம்பது' கேடயம். கடைசியாக 'சிறந்த முன்னேற்றம்' என்று ஒரு விருது. மூன்று வாரம் ஒரு மீறல்கூடச் செய்யாதவர் என்று மாப்பிள்ளையின் பெயர் வாசிக்கப்பட்டது. மகள் என் கையைக் கிள்ளினாள். "போகச் சொல்லுங்கப்பா. வாங்கிட்டு வாயைத் திறக்காம வரச் சொல்லுங்க."

அவர் மேடையேறினார். ஒரு கையில் கேடயம், ஒரு கையில் அறிக்கை. இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அறிக்கையின் அட்டையை அரங்கத்துக்குத் திருப்பிப் பிடித்தார்.

"சார், இது தாய் இல்ல. ரப்பர். பக்கத்துல ஒண்ணுன்னு நம்பர் இருக்கு பாருங்க. தாய் செத்துப்போச்சு." அட்டையை இன்னும் உயர்த்தினார். "குட்டிக்குத் தெரியல. அது குட்டி. உங்களுக்குமா தெரியல?"

அரங்கத்தில் எல்லோரும் அட்டையைத் தூக்கி விளக்கில் பிடித்துப் பார்த்தார்கள். மேடம் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். '1' தெளிவாகத் தெரிந்தது.

அமைப்பாளர் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். "பாருங்க, ஒரு உபகரணம்கூட ஒரு உயிருக்கு ஆதரவா நிக்குது! அந்த அளவுக்கு நம்ம பயிற்சி இயற்கையோட கலந்துடுச்சு. அந்த ஒண்ணுங்கற எண்ணும் பாருங்க, முதல் பரிசு மாதிரி அமைஞ்சிருக்கு!"

கைதட்டல் நெடுநேரம் கேட்டது. மாப்பிள்ளை கேடயத்தை நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கி வந்தார். மூவரும் வீட்டுக்கு நடந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது மகள் சொன்னாள்: "ஏங்க, ரப்பருக்கு நங்கூரம் பெரிசா?"

"சின்னதுதான்."

"அப்ப சரி" என்றாள்.

விடிந்ததும் நான் ஜன்னலைத் திறந்தேன். முதல் நடைக்கு இன்னும் நேரம் இருந்தது. குடா கண்ணாடி மாதிரிக் கிடந்தது. மாப்பிள்ளையின் படகு புல்திட்டின் நடுவில் நின்றது, இன்ஜின் மேலே கட்டியபடி. மகள் முன்னால் உட்கார்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். நங்கூரம் மேலே வந்தது. அவர் கழியை ஊன்றினார். படகு நகர்ந்தது. படகுக்குப் பின்னால் கயிறு, கயிற்றின் முனையில் ரப்பர்காரி.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். புல்திட்டின் ஓரத்துக்கு அவள் வந்ததும் 'புஸ்' என்றாள். பக்கத்தில் இன்னொரு மூக்கு மேலே வந்தது.

தெற்கே பாறை முனைக்கு அந்தப் பக்கம் இன்னொரு புல்திட்டு இருக்கிறது. சின்னது. முழங்கால் தண்ணீருக்குச் சற்று மேல். இன்ஜின் படகு போனால் தரை தட்டும். எப்போதாவது வேறு ஒன்றிரண்டு பசுக்கள் வந்து மேய்ந்துவிட்டுப் போவதாகக் கேள்வி. படகு நிதானமாக, ஊன்றி ஊன்றி, அந்த முனையை நோக்கிப் போயிற்று. ரப்பர்காரி போனாள். குட்டியும் போயிற்று. பாறை மறைக்கிறவரை மூன்று 'புஸ்' எண்ணினேன். மூன்று தடவையும் இரண்டு மூக்கு.

மத்தியானம் அவர்கள் திரும்பி வந்தார்கள். ரப்பர்காரி வரவில்லை. மாப்பிள்ளை நேராக என் மேசைக்கு வந்து புத்தகத்தைத் திறந்து எழுதினார். 'உயிரினம்: குட்டி ஒன்று. தூரம்: கயிறு நீளம். மனநிலை: புல்லில் வாய் வைத்தது.' கட்டங்கள் போதாமல் ஓரத்தில் எழுதியிருந்தார்.

அந்த மாதம் மற்ற ஆறு படகுகளும் எதையும் பார்க்கவில்லை. எல்லோரும் ஐம்பது என்று எழுதினார்கள். மன்ற வரலாற்றில் மிகச் சிறந்த மாதம் என்று மேடம் தொலைபேசியில் சொன்னார்.

"ஆனா ஒரே ஒரு பதிவு இடிக்குது பெரியவரே. உங்க மருமகன் 'கயிறு நீளம்'னு போட்டிருக்காரு. கட்டத்துல நம்பர்தான் வரணும். படகுல எவ்வளவு நீளக் கயிறு வெச்சிருக்காரு, உங்களுக்குத் தெரியுமா?"

ஜன்னல் வழியே பார்த்தேன். கயிறு துறைக்கல்லில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. நாலு ஆள் நீளம் இருக்கும்.

"ஐம்பது மீட்டர் மேடம்" என்றேன். பேனாவை எடுத்து, கட்டத்துக்குள் என் கையாலேயே எழுதினேன்.